பச்சை விளக்கு எரிந்த பிறகு

டிசம்பர் கடைசி வாரத்தில் விழுந்த மின்னலில் வீலாகொல்லு மலைச் சுரங்கத்தின் வாயில் இருந்த கம்ப்யூட்டர் கருகிப்போனது. இரண்டு வருடத்தில் அது மூன்றாவது. நாலாயிரம் மீட்டர் உயரத்தில், தகரக் கொட்டகைக்குள், தாதுத் தூசிக்கு நடுவே எந்தக் கம்ப்யூட்டரும் ரொம்ப நாள் தாங்குவதில்லை. கூட்டுறவுச் சங்கத் தலைவர் நெஸ்தோர், மரியாதைக்கு டோன் நெஸ்தோர் என்போம், கருகிய பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"செவேரி, இது இல்லாம உன் வளையம் வேலை செய்யுமா, செய்யாதா? ஒரே வார்த்தையில சொல்லு."

"செய்யும்" என்றேன்.

அவ்வளவு சீக்கிரம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமை. ஓருரோ நகரத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் மின்வேலை படித்துவிட்டு இங்கே வந்த செவெரினா கலிசாயாவாகிய என்னை, பல்பு மாற்றத் தெரிந்தவள் என்பதற்கு மேல் யாரும் மதித்ததில்லை.

வளையம் என்று அவர் சொன்னது சுரங்கவாயில் ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருந்த சட்டத்தை. அதற்குள் ஆன்டெனா கம்பி சுற்றியிருக்கும். ஒவ்வொரு தொழிலாளியின் ஹெல்மெட்டிலும் ஒரு பிளாஸ்டிக் வில்லை, அதற்குள் ஓர் எண். சட்டத்தைக் கடக்கும்போது அதிலுள்ள ரீடர் என்ற கருவி அந்த எண்ணைப் படித்துக் 'கீ' என்று சத்தம் போட்டு, கம்ப்யூட்டருக்கு அனுப்பும். திரையில் உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். பகல் இரண்டு மணிக்கு வெடி வைப்பதற்கு முன் வெடிக்காரர் டோன் காசியானோ அந்தப் பெயர்களைப் படிப்பார். ஒரு பெயர் மீதி இருந்தாலும் யாராவது உள்ளே போய் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் ரீடரிலுள்ள ரிலே மூடும், அதாவது மின்சாரத்துக்கு வழிவிடும். வெடிப்பெட்டியிலிருந்து போகும் கம்பி அந்த ரிலே வழியாகத்தான் உள்ளே போகிறது. ரிலே மூடாவிட்டால் பெட்டியின் சாவியை எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் ஆகாது. இந்த ஏற்பாடு வருவதற்கு முந்தைய வருடம் அண்ணன் தம்பி இரண்டு பேர் உள்ளே இருக்கும்போதே வெடி போட்டுவிட்டார்கள். அதைப் பற்றி எங்கள் மலையில் யாரும் பேசுவதில்லை.

ரீடர் பலகை என் உள்ளங்கை அளவுதான். அதற்குள்ளேயே சின்னதாக ஒரு மூளை உண்டு. கம்ப்யூட்டர் இருக்கும்வரை அது வெறும் எடுபிடி. படித்ததை அனுப்பும், சொன்னதைச் செய்யும். அதைத் தனியாளாக்குவது எப்படி என்று நாற்பது பக்கக் கையேடு ஒன்று இருந்தது, ஆங்கிலத்தில். பாதி புரிந்தது, மீதியைப் படம் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஊர்ப் பள்ளி ஆசிரியையிடம் ஒரு மதியத்துக்கு மட்டும் மடிக்கணினி இரவல் வாங்கி, பலகையோடு இணைத்து, கேட்ட கட்டங்களையெல்லாம் நிரப்பினேன். ரிலே எப்போது மூட வேண்டும், எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எத்தனை வில்லைகள். புரியாத கட்டங்களில் ஏற்கெனவே இருந்த எண்களை அப்படியே விட்டேன். பிறகு கணினியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பலகையில் ஒரு பொட்டளவு செருகியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினேன். பலகையோடு வந்த தலைமை அட்டையைக் காட்டியதும் நீளமாக ஒரு கத்து. இனி அதற்கு யாரும் வேண்டாம்.

மறுநாள் காலை நாற்பத்தொரு பேரும் வரிசையில் வந்து தலையை நீட்டினார்கள். ஒவ்வொரு வில்லையாகக் காட்டி அதன் நினைவில் ஏற்றினேன்.

இலாரியோன் யாபுரா என்பவர் வந்தபோது வரிசை முழுக்கச் சிரிப்பு. பத்து வருடம் துளைக்கருவி பிடித்ததில் அவருக்கு ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்று பாதி. அதனால் எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"இன்ஜினியரம்மா! நான் எத்தனை மணிக்கு வெளிய வந்தேன்னு இது என் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிடுமா?"

"அதெல்லாம் சொல்லாது. மெதுவா பேசுங்க, டோன் இலாரியோன்."

"நான் எங்கம்மா கத்தறேன்?" என்று இன்னும் பலமாகக் கத்தினார்.

இனி முதல் தடவை கடந்தால் உள்ளே, இரண்டாம் தடவை கடந்தால் வெளியே என்று எல்லாருக்கும் சொன்னேன். ஒருவர் உள்ளே இருந்தாலும் சிவப்பு. யாருமே இல்லையென்றால் பச்சை. பத்துப் பேரை நடக்கவிட்டுப் பார்த்தோம். போனார்கள், சிவப்பு. வந்தார்கள், பச்சை. டோன் நெஸ்தோர் என் தோளில் தட்டினார். பெயர்கள் மட்டும் இல்லாமல் போயின. விளக்கு இருக்கும்போது பெயர் எதற்கு என்று எல்லாரும் நினைத்தோம். நானும்தான்.

முதல் ஏழு நாள் எல்லாம் சரியாக நடந்தது. எட்டாம் நாள் ஜனவரி மாதத்து வியாழக்கிழமை. ஊரில் சந்தை நாள் என்பதால் ஒன்றரை மணிக்கே ஆட்கள் வெளியே வர ஆரம்பித்துவிட்டார்கள். 'கீ, கீ' என்று ரீடர் விடாமல் கத்தியது. ஒன்றே முக்காலுக்குப் பச்சை எரிந்தது. லாரி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போய்விட்டது. மேலே மூன்று பேர்தான் மிச்சம்: நான், வெடிக்காரர் டோன் காசியானோ லூபா, சுரங்கவாய்க் காவலுக்குக் கொட்டகையிலேயே குடியிருக்கும் டோன்யா ஃபெர்மினா.

வடக்கே வானம் ஈயக்கட்டி போலக் கறுத்திருந்தது. சமவெளியில் மின்னல் இறங்கிக்கொண்டிருந்தது. டோன் காசியானோ வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். ஐம்பத்தெட்டு வயது, நுரையீரல் முழுக்கக் கல்தூசி. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குவார்.

"சீக்கிரம் முடிச்சிடணும், செவேரி. முப்பது குழியில மருந்து கட்டியிருக்கு. எல்லாம் மின்சாரத்துல பத்துற கேப்பு. அந்த மேகம் இந்த மலை மேல வந்துட்டா... அதுக்கு என் சாவி தேவையில்ல. தானே வெடிக்கும்."

பச்சையைச் சரிபார்க்கச் சட்டத்துக்குப் பக்கத்தில் வந்தவர், பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருப்பதைப் பார்த்து, சட்டத்தின் காலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குனிந்தார். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது.

கீ. சிவப்பு.

கயிற்றை இழுத்துக் கட்டினார். கீ. பச்சை. இன்னொரு பூட்ஸுக்கு மாறினார். கீ. சிவப்பு. கீ. பச்சை.

நிமிர்ந்து சிரித்தார். "என்ன பொண்ணே, உன் வளையம் என்னை வச்சுச் சல்சா ஆடுது! உள்ள போறேனா வெளிய வரேனான்னு அதுக்கே தெரியல."

நானும் சிரித்தேன். அவர் பச்சையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, முப்பது அடி தள்ளிப் பாறை மறைவில் இருந்த வெடிப்பெட்டியை நோக்கி நடந்தார்.

சிரித்துக்கொண்டே அந்தச் சத்தங்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். நின்ற இடத்தில் நின்றால் மூன்று நொடிக்கு ஒரு தடவை படிக்கிறது. படிக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. கம்ப்யூட்டர் இருந்தபோதும் ரீடர் இப்படித்தான் படித்துக்கொண்டிருந்திருக்கும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் கம்ப்யூட்டர்தான் அதைத் தள்ளிவிட்டிருக்கிறது. இப்போது தள்ளிவிட யாரும் இல்லை. நான் தொடாமல் விட்ட ஏதோ ஒரு கட்டத்தில் '3' என்று இருந்தது ஞாபகம் வந்தது.

காலையில் யாராவது ஒருவர் இந்தச் சட்டத்தில் ஒரு நிமிடம் நின்று பேசியிருந்தால்? ரீடர் அவரை இரண்டு, நாலு என்று இரட்டைப்படைத் தடவை படித்திருந்தால்? அவர் உள்ளே இருப்பார். ரீடர் கணக்கில் வெளியே இருப்பார். பச்சை எரியும்.

டோன் காசியானோ பெட்டியில் சாவியைச் சொருகிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். அது என் குரல் போலவே இல்லை. "சுத்தாதீங்க! டோன் காசியானோ, கையை எடுங்க!"

அவர் கையை எடுத்தார். நான் ஓடிப்போய்ச் சாவியைப் பெட்டியிலிருந்து உருவினேன். என்னமோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பச்சை எரியுதே?"

"அது பொய்யா இருக்கலாம். உள்ள ஆள் இருந்தாலும் பச்சை எரியும். இப்பத்தான் கண்டுபிடிச்சேன்."

"இப்பத்தானா?" அவர் குரல் ஏறவில்லை, இறங்கியது. "ஏழு நாளா நான் இதை நம்பித்தான் சுத்தினேன், செவெரினா."

எப்போதும் செவேரி என்று கூப்பிடுகிறவர் முழுப்பெயரைச் சொன்னார்.

"யார் உள்ள?" என்றார்.

அதுதான் யாருக்கும் தெரியாது. பெயர்கள் கம்ப்யூட்டரோடு கருகிவிட்டன. ஆட்கள் லாரியில் போய்விட்டார்கள். கீழே சந்தையில் நாற்பது பேரைத் தேடி எண்ணுவதற்குள் மேகம் வந்துவிடும். வடக்கே ஒரு இடி உருண்டது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

டோன்யா ஃபெர்மினா தன் கொட்டகை வாசலில் சூப்புப் பானையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பானையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஆட்கள் தங்கள் வீட்டுத் துணிகளை மாற்றிக்கொண்டு மாட்டிவைப்பது அந்தக் கொட்டகைச் சுவரில்தான்.

திரும்பி வந்தபோது அவர் கையில் பழுப்பு நிற ஜாக்கெட் ஒன்று இருந்தது. முழங்கையில் ஒட்டுப்போட்டது.

"ஒரு ஆணியில மட்டும் துணி தொங்குது" என்றார். "இலாரியோனோடது. காலையில மெல்றதுக்குக் கோக்கா இலை வேணும்னு என்கிட்ட நின்னான். நான் இலைப் பையை எடுத்துட்டு வர்ற வரைக்கும் அந்த வளையத்துக்குள்ளயேதான் நின்னு கத்திக்கிட்டு இருந்தான்."

நான் பயந்த இரட்டைப்படை அதுதான்.

டோன் காசியானோ பெட்டியிலிருந்து இரண்டு கம்பி முனைகளையும் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கினார். "இப்படி முறுக்கிட்டா கொஞ்சம் பத்திரம். கொஞ்சம்தான்." சுரங்கவாயைப் பார்த்து நாலடி நடந்தார், மூச்சு வாங்கி நின்றார். மறுபடி நடந்தார், மறுபடி நின்றார். இருமினார்.

"அவர் எங்க இருப்பாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"நானூறு மீட்டர் போனா சுரங்கம் ரெண்டாப் பிரியும். இடது கை... மருந்து கட்டின பாறை முகம். வலது கை பழைய சந்து. அதோட கடைசியில. தனியாத்தான் வேலை செய்வான்."

"நான் போறேன்."

"மருந்து கட்டின பிறகு மின்னல் அடிச்சா உள்ள யாரும் போகக்கூடாது. விதியே அதுதான்."

"தெரியும்."

அவர் என்னைத் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் தடுக்க வேண்டும் என்று என் மனசில் ஒரு மூலை கெஞ்சிக்கொண்டிருந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சாவியை என் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டேன். டோன்யா ஃபெர்மினா மண்ணுக்குப் படையலாக நாலு சொட்டுச் சாராயம் தெளித்துவிட்டு என் முதுகில் கையை வைத்துத் தள்ளினார். "ஓடு."

சட்டத்தைக் கடக்கும்போது அது என்னையும் படித்துக் கத்தியது.

சுரங்கத்துக்குள் நான் போனதில்லை என்று இல்லை. விளக்குகள் மாட்ட முதல் நூறு மீட்டர் வரை பல தடவை போயிருக்கிறேன், எப்போதும் இன்னொருவரோடு. தனியாக, அதுவும் ஓடிக்கொண்டு போனது அன்றுதான். கால் கீழே சேறு. தலைக்கு மேலே ஓர் அடிகூட இல்லை. சுவரில் அடித்த முளைகளின் மேல் வெடிக்கம்பிகள் இரண்டும், ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு, என் தோளுக்குப் பக்கத்திலேயே ஓடி வந்தன. நான் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவை எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தன. அவை போய்ச் சேரும் இடத்தில் முப்பது குழிகள்.

ஐம்பது மீட்டர் தாண்டியதும் வெளியுலகம் அறுந்துபோனது. இடி கேட்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. வெளியே நின்றால் மின்னலைப் பார்க்கலாம், எண்ணலாம், மேகம் எங்கே வந்திருக்கிறது என்று தெரியும். இங்கே ஒன்றும் தெரியாது. மேகம் இப்போது மலைக்கு மேலேயே நிற்கலாம். அடுத்த மூச்சில் வரலாம், வராமல் போகலாம். வந்தால் எனக்குத் தெரியுமா? தெரியும் அளவுக்கு நேரம் இருக்குமா? ஓடிக்கொண்டே இதையெல்லாம் யோசித்தேன். அதை நிறுத்த அடிகளை எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை நூற்றி எண்பதில் தவறியது.

வழியில் ஒரு குடைவில் எங்கள் சுரங்கத்துக் கொம்புச்சாமி, எல் தீயோ, களிமண் வாயில் சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆண்கள் அவர் முன்னால் நின்று கோக்கா இலை வைக்காமல் தாண்ட மாட்டார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. "வரும்போது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

சுரங்கம் இரண்டாகப் பிரியும் இடத்தில் மஞ்சளும் சிவப்பும் இடதுபக்கம் திரும்பின. நான் வலதுபக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் கூரை இறங்கிவிட்டது. முழங்காலில் ஊர்ந்தேன்.

"டோன் இலாரியோன்!"

பதில் இல்லை. டிக், டிக் என்று சுத்தியல் சத்தம் மட்டும். உயிரோடு இருக்கிறார். மறுபடி கத்தினேன். டிக், டிக். கேட்காத காது என் பக்கம் இருந்தது. சந்தின் முடிவில் அவர் முதுகும், விளக்கு வெளிச்சத்தில் எழும் தூசியும் தெரிந்தன. எட்டிப் போய் அவர் பூட்ஸைப் பிடித்தேன்.

அவர் அலறித் திரும்பினார். சுத்தியல் என் ஹெல்மெட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பாறையில் பட்டு நெருப்புத் தெறித்தது.

"யாரு! ... இன்ஜினியரம்மாவா? நீ எங்கம்மா இங்க?"

"வெடி கட்டியிருக்கு! வெளிய வாங்க!"

"என்ன?"

அவருடைய நல்ல காதில் வாயை வைத்துக் கத்தினேன். "வெடி! மருந்து கட்டியாச்சு! எல்லாரும் வெளிய போயாச்சு!"

அவர் முகம் மாறியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. என்னை நம்பாதவர் போலப் பார்த்தார். "யாரும் வந்து கூப்பிடலையே? எப்பவும் ஒருத்தன் வந்து காலை உதைச்சுக் கூப்பிடுவானே. அவன் வருவான்னுதான் இருந்தேன்."

அந்தப் பேச்சு எனக்குள் எங்கே போய்க் குத்தியது என்று சொல்ல முடியாது. திரையில் அவர் பெயர் மீதி நின்றதால்தான் தினமும் ஒருவன் வந்து கூப்பிட்டிருக்கிறான். பிறகு ஏழு நாள், சிவப்பு அணையாததைப் பார்த்து வந்திருக்கிறான். இன்று பச்சை எரிந்ததால் யாரும் வரவில்லை.

"அந்த மூட்டையை எடுத்துக்கிறேன்" என்றார். காலையிலிருந்து உடைத்த தாது.

"விடுங்க அதை!" சட்டையைப் பிடித்து இழுத்தேன். வயசில் மூத்த ஆளை நான் அப்படி இழுத்ததே இல்லை. வந்தார்.

ஊர்ந்து வெளியே வந்து, பிரியும் இடத்தை அடைந்து, நிமிர்ந்து ஓட ஆரம்பித்தோம். அவர் முன்னால், நான் பின்னால். மறுபடியும் அந்தக் கம்பிகள் தோளுக்குப் பக்கத்தில். பாதி வழியில் இருப்போம், எனக்கு முன்னால் கம்பிகளை இணைத்து டேப் சுற்றியிருந்த ஒரு முடிச்சில் படக்கென்று நீலமாக ஒரு பொறி பறந்தது. சின்னச் சத்தம்தான், தீக்குச்சி உரசியதுபோல. ஒரு கருகல் வாசனை.

நான் நின்றுவிட்டேன். கால் எடுத்து வைக்க வரவில்லை. பின்னாலிருந்து அந்தப் பெரிய சத்தம் வரப்போகிறது என்று முதுகு முழுக்கக் காது வைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. இலாரியோன் திரும்பிப் பார்த்தார். அவருக்குச் சத்தம் கேட்டிருக்காது. ஆனால் சுவரில் பட்ட அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்திருந்தார். திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன கை. இழுத்துக்கொண்டு ஓடினார். எல் தீயோவைத் தாண்டியது எனக்குத் தெரியாது.

வெளிச்சம் வந்தது. மழை வந்தது, ஆலங்கட்டியோடு. சட்டத்தருகே அவர் என்னை முன்னால் தள்ளிவிட்டார், ஒருவர்பின் ஒருவராகக் கடந்தோம். என்னைப் படித்தது, 'கீ', பச்சை. அவரைப் படித்தது, 'கீ', சிவப்பு.

டோன் காசியானோ சிவப்பைப் பார்த்துப் பதறினார். "இன்னும் யாரு? இன்னும் யாரு உள்ள?"

"யாரும் இல்ல" என்றேன். மூச்சு திக்கியது. "காலையிலயே இவரை வெளிய போனதா எழுதிடுச்சு. இப்ப உள்ள போறதா நினைக்குது."

அவர் வாயைத் திறந்தார். என்ன திட்ட நினைத்தாரோ, சொல்ல நேரமில்லை. மலையுச்சியில் வெள்ளையாக ஒன்று இறங்கியது. மின்னலும் இடியும் ஒரே சமயம். அடுத்த நொடி காலடியில் மலை உதைத்தது. ஒன்று, பிறகு சேர்ந்தாற்போல் பல. சுரங்கவாயிலிருந்து காற்று பாய்ந்து வந்து எங்கள் நாலு பேரையும் தரையில் தள்ளியது. பின்னாலேயே மஞ்சள் புகை. முப்பது குழியும் தாமாகவே வெடித்துவிட்டன. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. பையோடு சேர்த்து அதை நெஞ்சில் அழுத்திப் பிடித்திருந்தேன், விரலில் அதன் பல் பதிந்திருந்தது.

புகைக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, உள்ளே ஓர் ஆள் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு. டோன்யா ஃபெர்மினா எங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, தன்னையும் சேர்த்து நாலு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

நாங்கள் சட்டத்தைக் கடந்ததற்கும் வெடித்ததற்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இருக்காது. இலாரியோன் சேற்றில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பிறகு எழுந்து, ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் மழையில் நனைந்துகொண்டே மலையிறங்கினார். அவர் பேசாமல் போய் நான் பார்த்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தொடாமல் விட்ட கட்டம், மூன்று நொடி, கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்த வேலையை நான் மறந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "பொம்பளைய சுரங்கத்துல சேர்த்தா இப்படித்தான்" என்றான். இன்னொருவர், நல்லவர், எனக்குத் துணையாகப் பேசினார்: "மின்னல் எப்படியும் வெடிக்கத்தான் வச்சிருக்கும். கம்ப்யூட்டர் இருந்தாலும் அதேதானே? இவ மேல என்ன தப்பு?"

தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பலர் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். "இல்ல" என்றேன். "கம்ப்யூட்டர் இருந்திருந்தா ஒண்ணே முக்காலுக்கே அவர் பேரு திரையில நின்னிருக்கும். யாராவது போய்க் கூப்பிட்டிருப்பாங்க. மின்னல் வரும்போது உள்ள யாரும் இருந்திருக்க மாட்டாங்க. தப்பு என்னோடதுதான்."

டோன் நெஸ்தோர் என்னை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்பவர்களைக் கைதூக்கச் சொன்னார். பதினாறு கைகள். அதில் டோன் காசியானோவின் கையும் ஒன்று. அது எனக்கு வலித்தது, ஆனால் நியாயமாகத்தான் பட்டது. வேண்டாம் என்பவர்கள் இருபத்திரண்டு. இலாரியோன் எதற்கும் கைதூக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து நல்ல காதை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டி உன்னை அடிக்கணும்னு சொல்றா" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். "அப்புறம் உனக்குச் சோறு போடணும்னும் சொல்றா. எதை முதல்ல செய்வான்னு எனக்குத் தெரியாது. நீ வந்து பாத்துக்கோ."

போனேன். அவர் மனைவி அடிக்கவில்லை. சூப்பை என் முன்னால் வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்று அழுதார்.

அந்த வாரமே உள்ளே போக ஒரு சட்டம், வெளியே வர ஒரு சட்டம் என்று இரண்டாகப் பிரித்தேன். உள்ளே போகும் சட்டத்தில் எத்தனை தடவை படித்தாலும் உள்ளேதான். வெளியேறும் சட்டத்தில் எத்தனை தடவை படித்தாலும் வெளியேதான். கையேட்டின் நாற்பது பக்கத்தையும் அகராதி வைத்துக்கொண்டு ஆசிரியையோடு வரிவரியாகப் படித்தேன். புரியாத கட்டம் ஒன்றும் மீதியில்லாதவரை மடிக்கணினியைத் திருப்பித் தரவில்லை. டோன்யா ஃபெர்மினாவின் கொட்டகைச் சுவரில் நாற்பத்தொரு ஆணிக்கும் மேலே பெயர் எழுதிவைத்தோம். ஒரு ஆணியில் துணி தொங்கினாலும் வெடி கிடையாது. வானம் கறுத்தால் அன்று மருந்து கட்டுவதே கிடையாது.

வெடிக்கு முன்னால் உள்ளே போய் ஆட்களைக் கூப்பிடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், மருந்து கட்டுவதற்கு முன், தினமும் போகிறேன். பயம் போய்விட்டதா என்று டோன் காசியானோ ஒருநாள் கேட்டார். அதற்குள் அவர் மறுபடி செவேரி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"இல்ல" என்றேன். "பிரியுற இடத்துக்குப் போனா இப்பவும் கால் ஆடுது."

"ஆடட்டும்" என்றார். பெட்டியின் சாவியை வழக்கம்போல என்னிடம் நீட்டினார். நான் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, வலதுபக்கச் சந்தில் இருப்பவரின் காலை உதைக்க உள்ளே போனேன்.